பழைய செடான், மேனுவல் கியர், 7 லட்ச ரூபாய்

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 28 வயது, சேலத்தில் வேலை. தினமும் ஓமலூர் வரை போய் வருகிறேன், மாதத்தில் இரண்டு ஞாயிறாவது ஏற்காடு ஏறிவிடுவேன். நண்பனின் ஹேட்ச்பேக்கில் கற்றுக்கொண்ட ஓட்டம் இது, இப்போது சொந்தமாக ஒரு வண்டி வேண்டும். ஓட்டினால் மனம் நிறைய வேண்டும், மேனுவல் கியராக இருக்க வேண்டும், அப்பா அம்மா பாட்டி ஏறுவதால் செடான்தான் சரி. கையில் 7 லட்சம். ஹோண்டா சிவிக், ஃபியட் லீனியா டி-ஜெட், ஹோண்டா சிட்டி, ஸ்கோடா ரேபிட் என்று நான்கைப் பார்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகர், சேலம்

பதில்: தம்பி, முதலில் அந்த 7 லட்சத்தை 6 ஆக்கிக்கொள்ளுங்கள். வண்டிக்கு 6, வண்டி வீட்டுக்கு வந்தபிறகு 1. நான்கு டயர், கிளட்ச் செட், முன் சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி, இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் என்று அந்த ஒரு லட்சத்துக்கு வேலை காத்துக்கொண்டிருக்கும். ஈரோட்டில் முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். ஆசைப்பட்டு வாங்கிய வண்டியை ஆறே மாதத்தில் விற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் கையில் இருந்த கடைசி ரூபாய் வரை வண்டி விலையிலேயே போட்டவர்கள்.

இனி உங்கள் நான்கு வண்டிகள்.

சிவிக் 2006-ல் வந்தது, 2013-ல் அந்த மாடலின் விற்பனை நின்றது. 1.8 லிட்டர் எஞ்சின், 132 பி.எஸ். (எஞ்சின் பவரின் அளவு). இன்றைக்கும் அதன் முன்கண்ணாடி சாய்வையும் இரண்டு அடுக்கு டேஷ்போர்டையும் பார்த்தால் மனம் இளகிவிடும். ஆனால் நீங்கள் பார்க்கிற வண்டி எந்த வருஷத்துடையது? 2010-க்கு முந்தியது என்றால் 15 வருஷம் தாண்டிவிட்டது. எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் அதன் அடிவயிறு. ஐந்து பேர் ஏறினால் நம் ஊர் வேகத்தடையில் தட்டாமல் போகாது. பாட்டியோடு போகிற வீட்டுக்கு அது சரிப்படாது.

லீனியா டி-ஜெட்டைப் பற்றி எழுதும்போது எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. 1.4 லிட்டர் டர்போ, 114 பி.எஸ்., 207 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் இழுவை). அந்த ஸ்டீயரிங்கின் கனமும், மோசமான ரோட்டில் அது மிதித்துப் போகிற நிதானமும் இந்த விலையில் வேறு எதிலும் இல்லை. ஆனால் ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது. உதிரி பாகத்துக்கு ஆள் தேட வேண்டும், தேடிக் கிடைத்தாலும் வரும்வரை வண்டி நிற்கும். வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் வாங்குங்கள் என்பேன். தினமும் ஓமலூர் போக இருப்பதே இந்த ஒன்றுதான் என்றால் வேண்டாம்.

ஆக மீதி சிட்டியும் ரேபிட்டும். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சிட்டி என்றால் 2014-ல் வந்த மாடலைச் சொல்கிறேன். 1.5 லிட்டர், டர்போ இல்லை, 119 பி.எஸ்., ஐந்து கியர். ரேபிட் என்றால் 2020-ல் வந்த 1.0 டி.எஸ்.ஐ., மூன்று சிலிண்டர் டர்போ, 110 பி.எஸ்., ஆறு கியர். பேப்பரில் சிட்டிக்கு 9 பி.எஸ். கூட. ஆனால் டார்க் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். சிட்டியின் 145 நியூட்டன் மீட்டர் முழுசாக வருவது 4,600 ஆர்.பி.எம்.மில். ரேபிட்டின் 175 நியூட்டன் மீட்டர் 1,750-லேயே வந்து 4,000 வரை நிற்கிறது.

இதன் அர்த்தம் உங்களுக்கு ஏற்காட்டில்தான் புரியும். எனக்குப் புரிந்தது திம்பத்தில். பண்ணாரி தாண்டி ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவு. சிட்டியை இரண்டாவது கியரில் பிடித்து, எஞ்சினைக் கத்தவிட்டு, 4,000-க்குக் கீழே விழாமல் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால் அது பாடிக்கொண்டே ஏறும். கியர் லீவர் இரண்டு விரலில் விழும், கிளட்ச் பஞ்சு மாதிரி. ரேபிட்டில் வளைவு முடிந்ததும் மூன்றாவது போட்டு மிதித்தால் போதும், முதுகில் கை வைத்துத் தள்ளியது போல ஏறும். ஆனால் ஒன்று. வளைவுக்குள்ளே ஆர்.பி.எம். 1,500-க்குக் கீழே இறங்கினால் டர்போ தூங்கிவிடும். லோடு லாரிக்குப் பின்னால் மாட்டி நின்று கிளம்பும்போது இரண்டாவது கியரில் இழுக்கப் பார்க்காதீர்கள், வெட்கப்படாமல் முதல் கியருக்கு வாருங்கள். இது பழக ஒரு வாரம் ஆகும்.

பின்சீட் விஷயத்தில் சிட்டிதான் பெரியது, ரேபிட்டில் கால் வைக்க இடம் குறைவு, நடுவில் தரை மேடாக எழும்பி நிற்கும். பாட்டி எப்போதாவது ஏறுவார் என்றால் ரேபிட். வாரம் தவறாமல் மூன்று பேர் பின்னால் உட்காருவார்கள் என்றால் சிட்டி. ஓட்டுகிறவனாக மட்டும் கேட்டால் என் ஓட்டு ரேபிட்டுக்கு. அதே எஞ்சின், அதே ஆறு கியரோடு ஃபோக்ஸ்வாகன் வென்டோவும் வந்தது, அதையும் சேர்த்துத் தேடுங்கள். ரேபிட்டில் மான்டே கார்லோ என்ற பெயருக்காக மட்டும் கூடுதலாகப் பணம் தராதீர்கள். கறுப்புப் பெயின்ட் வேலைதான் வித்தியாசம், எஞ்சினும் கியரும் ஒன்றே.

சரி, வண்டியைப் பார்க்கப் போகிறீர்கள். காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் சில்லென்று இருக்கும்போதுதான் உண்மையான சத்தம் கேட்கும், கியர் பாக்ஸின் உண்மையும் அப்போதுதான் தெரியும். மூன்றிலிருந்து இரண்டுக்குக் கொஞ்சம் வேகமாக இறக்குங்கள். கறக் என்று பல் கடிக்கிற சத்தம் வந்தால் இரண்டாவது கியரின் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) தேய்ந்திருக்கிறது. சூடான வண்டியில் இது பல சமயம் தெரியாமல் போய்விடும்.

கிளட்சுக்கு ஒரு சோதனை. காலியான ரோட்டில் நான்காவது கியரில் 40-ல் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். வேகமும் ஆர்.பி.எம்.மும் சேர்ந்து ஏற வேண்டும். முள் மட்டும் துள்ளி மேலே போய், வண்டி பின்தங்கினால் கிளட்ச் பிளேட் முடிந்தது. டர்போ வண்டியில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். 1.0 டி.எஸ்.ஐ.க்கு ரீமேப் போட்டு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி, பவர் ஏற்றுகிற பழக்கம் இளைஞர்களிடம் நிறைய இருக்கிறது. விற்கும்போது பழைய புரோகிராமையே திருப்பி ஏற்றிவிடுவார்கள், ஆனால் கிளட்ச் பட்ட பாடு மறையாது. ஏர் ஃபில்டர் பெட்டியில் புதுக் கிளிப், சைலன்சரில் புது வெல்டிங், பம்பருக்குக் கீழே பழைய ஸ்டிக்கரின் தடம், இவற்றையும் பாருங்கள். ரீமேப் போட்டவர் எல்லோரும் வண்டியைக் கெடுத்தவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எப்போது போட்டார், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினார் என்று பில்லோடு காட்டுகிறவரை நான் நம்புவேன்.

ஓடோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். 35,000 கிலோமீட்டர் என்று காட்டுகிற வண்டியில் கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்காது, டிரைவர் சீட்டின் வலது ஓரம் குழி விழுந்திருக்காது. இறங்கி ஏறும்போது தொடை உரசுகிற இடம் அது. சேஸிஸ் நம்பரை வைத்து சர்வீஸ் சென்டரில் பழைய கணக்கைக் கேட்கச் சொல்லுங்கள். ஓனரே கூட வந்தால் காட்டிவிடுவார்கள். வர மறுத்தால் நீங்களும் அடுத்த வண்டிக்குப் போய்விடலாம்.

சென்னையிலோ தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமோ வாங்குவதாக இருந்தால் வெள்ளத்தை மறக்காதீர்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் என்று இரண்டு முறை ஏகப்பட்ட கார்கள் முங்கின. 2016-ல் ஒரு வாடிக்கையாளர் பளபளவென்று ஒரு செடானைக் கொண்டு வந்து நிறுத்தினார். மார்க்கெட் விலையைவிட 70,000 குறைவாகக் கிடைத்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். உள்ளே நல்ல சென்ட் வாசனை. நான் பின்சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தேன். முதல் முழம் சுத்தம். கடைசி முழத்தில் குறுக்கே ஒரு கோடு, தேநீர் டம்ளரில் படியும் கறை மாதிரி. அதற்குக் கீழே பெல்ட் மொரமொரவென்று இருந்தது, நகத்தால் சுரண்டினால் வண்டல் உதிர்ந்தது. சீட்டுக்குக் கீழே தண்டவாளத்தில் துரு. அவர் முகம் போன போக்கை இன்றுவரை மறக்க முடியவில்லை. மூன்று மாதத்தில் வயரிங் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது, எங்களால் ஒட்டுப்போடத்தான் முடிந்தது. அதனால் சொல்கிறேன், ஐந்து பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சீட்டையும் சீட் கவரையும் மாற்றுகிறவர்கள் பெல்ட்டை மாற்றுவதில்லை.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் தர வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. நிலுவை அபராதம் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளைக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. பழைய கார் விற்கிற கன்சல்டிங்காரர் "வரும் சார்" என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மாமாவிடம் 2009 ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ் இருக்கிறது. ஒரே ஓனர், 80,000 கி.மீ. எனக்குத் தருவதாகச் சொல்கிறார். ஃபோர்டுதான் போய்விட்டதே என்று கணவர் தயங்குகிறார். வாங்கலாமா?
- வாசகி, செங்கல்பட்டு

பதில்: வாங்குங்கள் அம்மா. அந்த வண்டி பிறந்ததே உங்கள் ஊருக்குப் பக்கத்தில், மறைமலைநகரில். 101 குதிரைத் திறன், ஐந்து கியர், ஸ்டீயரிங்கில் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் கைக்கு வந்து பேசும். இந்தத் தலைமுறை மின்சார ஸ்டீயரிங்கில் அந்தப் பேச்சு இல்லை. ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது உண்மைதான், ஆனால் சர்வீஸை நிறுத்தவில்லை. உங்கள் பக்கத்தில் இந்த வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் அதிகம். கணவரின் தயக்கத்துக்கு அது போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

இரண்டு விஷயம் மட்டும். 15 வருஷம் முடிந்த வண்டி, ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, எதுவரை செல்லும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருகிறது, இந்த வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எரிபொருள் ஹோஸ்களை ஒருமுறை முழுசாக மாற்றிவிடுங்கள், வருஷம் ஒருமுறை வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டேங்க்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். மாமாவிடம் சொந்தம் என்று விலை பேசக் கூச்சப்பட வேண்டாம், டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டே கொடுங்கள்.

கேள்வி: விழுப்புரத்தில் இருக்கிறேன். புதுச்சேரி ரிஜிஸ்ட்ரேஷன் வென்டோ டி.எஸ்.ஐ. மேனுவல் ஒன்று விலை குறைவாக வருகிறது. அப்படியே ஓட்டலாமா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: அப்படியே வருஷக்கணக்கில் ஓட்ட முடியாது. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். புதுச்சேரியில் என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியைக் கட்டி, புது எண் வாங்க வேண்டும். வண்டியின் வயதையும் விலையையும் பொறுத்து அந்த வரி மாறும். ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் வரித் தொகையைக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அதைக் கேட்கிற விலையோடு கூட்டுங்கள். கூட்டியபிறகும் தமிழ்நாட்டு எண் வண்டியைவிட 40,000 ரூபாயாவது குறைவாக இருந்தால் அலையலாம். என்.ஓ.சி. வாங்கித் தருகிற பொறுப்பு விற்கிறவருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், பாதிப் பணத்தை அதுவரை கையில் வைத்திருங்கள். பாண்டி கடலோர ஊர் என்பதால் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடிப்பக்கம் உப்புத் துரு பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாகப் பின் சக்கரங்களுக்கு நடுவே குறுக்கே போகும் ஆக்ஸில் பீமையும், சைலன்சர் தொங்குகிற கொக்கிகளையும்.