அந்தக் கோப்பையை ஏன் அவர் தேய்த்தார்?

கேள்வி: எங்கள் திருமண நாளுக்கு நண்பர்களை விருந்துக்கு அழைத்திருந்தோம். கிளாஸ் போதாமல் வெள்ளைப் பீங்கான் கோப்பைகளிலும் சிவப்பு ஒயின் ஊற்றிக் கொடுத்தோம். மறுநாள் கோப்பைகளிலும், ஒயின் வைத்திருந்த கண்ணாடிக் குடுவையின் அடியிலும் கறை. காலையில் என் மாமியார் சமையல் சோடா போட்டுத் தேய்த்ததில் அது நீலமாகி இன்னும் கெட்டுவிட்டது. எப்படிப் போக்குவது?

பதில்: உங்கள் மாமியார் எதையும் கெடுக்கவில்லை. சிவப்பு ஒயினுக்கு நிறம் கொடுப்பது திராட்சைத் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பில் சிவந்திருக்கும், சோடா போன்ற காரம் பட்டால் நீலம் பாயும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் செம்மை திரும்பிவிடும்.

கோப்பையைக் கெடுத்தது அந்த இரவு. ஒயின் ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் அலசியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதவே வேண்டியிருக்காது. காயக் காய நிறமியும், ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் டானினும் பீங்கானின் மெல்லிய விரிசல்களில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அதைக் காயவிட்டுத் தூங்கப் போனவர் யார்?

"காலையில் என் மாமியார்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. விருந்து உங்களுடையது, குடித்தவர்கள் உங்கள் நண்பர்கள். எச்சில் கோப்பை மட்டும் எப்படி அவருடையதாயிற்று? இதுபோன்ற கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் யாரோ ஒரு மூத்த பெண்மணி, யாரும் கேட்காமலே, விடியற்காலையில் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பழியும் அவருக்கே போகிறது. கையில் இருந்த கோப்பை திடீரென்று நீலமானபோது அவர் நெஞ்சு எப்படிப் பதறியிருக்கும் என்று ஒரு கணமாவது நினைத்தீர்களா? உங்கள் கணவரோ கடிதத்தில் எங்குமே இல்லை. தன் தாய் ஊரார் எச்சிலைக் கழுவும்போது மகன் படுத்திருப்பது எந்த வீட்டிலும் சரியில்லை. மருமகளான உங்களுக்குச் சொல்வதைவிட அவருக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி வேலைக்கு வாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் கோப்பைகள் முழுவதும் மூழ்கும்படி சில மணி நேரம் ஊறவிடுங்கள். விரிசலில் இறங்கிய கறை என்றால் இரவு முழுக்க ஊறட்டும். பிறகு நன்றாக அலசுங்கள். விளிம்பில் தங்கப் பூச்சு இருந்தால் ஊறவிடவும் வேண்டாம், சோடா போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். குடுவைக்குள் கை போகாது; ஒரு பிடி அரிசி, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர், சிறிது வினிகர் ஊற்றிச் சுழற்றுங்கள். அரிசி உரசி உரசி அடிக்கறையைக் கிளப்பிவிடும்.

அவசரப்பட்டுக் குளோரின் ப்ளீச்சை மட்டும் எடுக்காதீர்கள். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் புண்ணாக்கும். எவர்சில்வர் பாத்திரம் அதில் ஊறினால் குழி விழும்.

இதை இன்று இரவே நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து செய்யுங்கள். அதற்கு முன் மாமியாரிடம் போய், நீலம் அவரால் வந்த கேடு இல்லை என்று சொல்லிவிடுங்கள். தான் கெடுத்துவிட்டதாகவே அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்.