பிரெக்ஸிட் சமயத்தில், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற முயன்றபோது, பிரிட்டன் நாடாளுமன்றம் எந்த யோசனைக்குமே சம்மதிக்காமல் முட்டி நின்றது ஏன்? அங்கே இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது?

அப்போது லண்டனில் ஹாரோ பக்கம் குடியிருந்தேன். சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுவது வேலை. அதனால் 2019-இல் நாடாளுமன்றத்தில் ராத்திரி ஏதாவது வாக்கெடுப்பு நடந்தால், மறுநாள் காலையில் அது என் மேஜைக்கு வேலையாக வந்துவிடும். மற்றவர்களைவிடக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்ததற்கு அதுதான் காரணம்.

கேள்விக்கு நேராகவே வருகிறேன். எம்.பி.க்கள் விவரம் கெட்டவர்கள் என்பதால் அந்த முடக்கம் வரவில்லை. 'வேண்டாம்' என்று சொன்னால் நமக்கு லாபம், 'சரி' என்றால் நஷ்டம் என்று அநேகமாக எல்லா கோஷ்டிக்கும் தோன்றும்படி நிலைமை அமைந்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் யார் முதலில் 'சரி' என்பார்கள்?

2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் வெளியேற வேண்டும் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்க வேண்டும் என்றவர்கள் 48.1 சதவீதம். ஏறக்குறைய 1 கோடியே 74 லட்சம் பேருக்கு எதிரே 1 கோடியே 61 லட்சம் பேர். வீட்டைக் காலி செய்யலாமா என்று கேட்டார்கள், எங்கே குடிபோவது என்று கேட்கவில்லை. நார்வே மாதிரி ஐரோப்பியச் சந்தைக்குள்ளேயே இருப்பதா, சரக்குக்கு உள்ளே சுங்க வரியே இல்லாத சுங்க ஒன்றியம் மட்டும் போதுமா, எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போவதா என்பதை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்த நாடாளுமன்றத்தில் பிரதமர் தெரசா மேவுக்குச் சொந்தப் பெரும்பான்மையும் இல்லை. கூடுதல் இடம் கிடைக்கும் என்று நம்பி 2017 ஜூனில் தானாகவே தேர்தலை வரவழைத்து, இருந்த பெரும்பான்மையையும் இழந்து 650-இல் 317 இடங்களோடு நின்றார். பிரிட்டனின் ஒரு பகுதியான வட அயர்லாந்தில், பிரிட்டனோடேயே இருக்க வேண்டும் என்கிற டி.யு.பி. கட்சியின் 10 எம்.பி.க்கள் முட்டுக் கொடுத்ததால் ஆட்சி ஓடியது.

எல்லாச் சிக்கலும் கடைசியில் வந்து நின்ற இடமும் அதே வட அயர்லாந்துதான். அதற்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே உள்ள எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் கிடையாது. பல வருஷ வன்முறையை முடித்துவைத்த 1998 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த அமைதிக்கு அந்தத் திறந்த எல்லை ஓர் அடையாளம். பிரிட்டன் சுங்க ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தால் சரக்கை எங்கேயாவது சோதித்தாக வேண்டுமே? வேறு வழி கிடைக்கும்வரை பிரிட்டன் முழுக்கவே ஐரோப்பியச் சுங்க எல்லைக்குள் இருக்கட்டும் என்பதுதான் மே கொண்டுவந்த 'பேக்ஸ்டாப்'. அதிலிருந்து பிரிட்டன் தானாக வெளியேற முடியாது என்பதை எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தோடு மே பேசி முடித்த இந்த வெளியேற்ற ஒப்பந்தத்துக்கு 2019 ஜனவரி 15-ஆம் தேதி முதல் வாக்கெடுப்பு. ஆதரவு 202, எதிர்ப்பு 432. வித்தியாசம் 230. அந்த நாட்டு நவீன வரலாற்றில் ஓர் அரசாங்கம் அவ்வளவு மோசமாகத் தோற்றதில்லை. எதிர்த்தவர்களில் 118 பேர் மேயின் சொந்த கன்சர்வேடிவ் கட்சிக்காரர்கள்.

அங்கே வாக்களிப்பதே ஒரு தனிக் காட்சி. பொத்தான் கிடையாது. மணி அடிக்கும். 8 நிமிஷத்துக்குள் எம்.பி.க்கள் எங்கிருந்தாலும் ஓடிவந்து ஆதரவுக்கு ஒரு தாழ்வாரம், எதிர்ப்புக்கு ஒரு தாழ்வாரம் என்று நடந்து போக வேண்டும். அப்புறம் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆளை எண்ணி முடித்ததும் எண்ணியவர்கள் நான்கு பேர் சபாநாயகர் முன்னால் வரிசையாக வந்து நிற்பார்கள். ஜெயித்த பக்கத்து ஆள் கையில்தான் முடிவு எழுதிய சீட்டு இருக்கும். அதனால் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சபையில் இரைச்சல் கிளம்பிவிடும். நடந்துதான் வாக்களிக்க வேண்டும் என்பதால், துலிப் சித்திக் என்ற தொழிற்கட்சி எம்.பி. அன்றைக்குத் தன் சிசேரியனைத் தள்ளிப்போட்டுவிட்டு நிறைமாத வயிற்றோடு சக்கர நாற்காலியில் வந்தார். அதற்குப் பிறகுதான் பிரசவ விடுப்பில் இருப்பவர்களுக்குப் பதிலாக இன்னொருவர் வாக்களிக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்க ஒத்துக்கொண்டார்கள்.

அந்த 432 பேரும் ஒரே கூட்டம் இல்லை. ஒரு பக்கம் மேயின் கட்சியிலேயே தீவிர பிரெக்ஸிட்காரரான ஜேக்கப் ரீஸ்-மாக் வகையறா. ஒப்பந்தம் நிறைவேறாமல், வெளியேறக் குறித்திருந்த மார்ச் 29 வந்துவிட்டால் சட்டப்படி நாடு தானாகவே வெளியே போய்விடும், அதுதான் சுத்தமான பிரெக்ஸிட் என்பது அவர்கள் கணக்கு. இன்னொரு பக்கம் பிரெக்ஸிட்டே கூடாது என்றவர்கள். இதைத் தோற்கடித்தால் மறுபடியும் மக்களிடம் போகலாம் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆனால் இரண்டு கூட்டமும் அன்றைக்கு ஒரே தாழ்வாரத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நடந்தன. இதைவிட வேடிக்கை மறுநாள். எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. முந்தின நாள் கைவிட்ட அதே 118 பேரும் டி.யு.பி.யும் திரும்பி வந்து 325-க்கு 306 என்று மேயைக் காப்பாற்றிவிட்டார்கள். திட்டமும் வேண்டாம், தேர்தலும் வேண்டாம்!

நம் ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு "கொறடா என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று தோன்றும். இந்தியாவில் 1985 கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா உத்தரவை மீறினால் பதவியே பறிபோகலாம். அங்கே அப்படி இல்லை. கட்சி கோபித்துக்கொள்ளலாம், நீக்கலாம், எம்.பி. பதவியில் கைவைக்க முடியாது. எனக்கு அது பிடித்த விஷயம்தான், ஆனால் அந்தச் சில மாதங்கள் அதை ரசிக்கும் மனநிலையில் நான் இல்லை.

மார்ச்தான் உச்சம். 12-ஆம் தேதி இரண்டாவது தடவை 242-க்கு 391 என்று தோல்வி. மேவுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டி, பேச்சே வரவில்லை. 13-ஆம் தேதி ஒப்பந்தமில்லாமல் வெளியேறவும் கூடாது என்று தீர்மானித்தார்கள். 14-ஆம் தேதி தேதியைத் தள்ளிப்போடும் தீர்மானம். பிரெக்ஸிட் துறை அமைச்சர் ஸ்டீவ் பார்க்லே எழுந்து தீர்மானத்தை ஆதரிக்கும்படி சபையைக் கேட்டுக்கொண்டார். பிறகு போய் அதற்கு எதிராக வாக்களித்தார். நான் ஏதோ தப்பாகப் படிக்கிறேன் என்று செய்தியை மறுபடியும் மேலிருந்து படித்தேன். 18-ஆம் தேதி சபாநாயகர் ஜான் பெர்கோ, ஒரே கூட்டத்தொடரில் அதே தீர்மானத்தை மறுபடியும் மறுபடியும் கொண்டுவர முடியாது, இது 1604-லிருந்து வரும் மரபு என்று சொல்லிவிட்டார்.

சரி, அரசாங்கத்தால் முடியவில்லை, நாங்களே வழி கண்டுபிடிக்கிறோம் என்று எம்.பி.க்கள் மார்ச் 27-ஆம் தேதி அலுவல் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். 8 யோசனைகள். தாழ்வாரத்தில் நடக்காமல் இந்தத் தடவை காகிதத்தில் டிக் அடித்தார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1-ஆம் தேதி மறுபடியும் நான்கு யோசனைகள், நான்கும் தோற்றன. கன்சர்வேடிவ் எம்.பி. கென் கிளார்க்கின் சுங்க ஒன்றிய யோசனை மட்டும் 273-க்கு 276 என்று மூன்றே வாக்கில் போனது.

முடக்கத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு ராத்திரி போதும் என்பேன். மறு வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டவர்களில் ஒரு பகுதி சுங்க ஒன்றியத்தை ஆதரிக்கவில்லை. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி அதில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. கட்சிகளிலிருந்து பிரிந்து வந்து புதுக் குழு கண்டவர்கள் எதிர்த்தே வாக்களித்தார்கள். இரண்டாவது நல்ல வழி ஜெயித்துவிட்டால் முதல் வழி செத்துவிடும் என்ற பயம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆமாம், இல்லை என்று கேட்டால் இப்படித்தான் ஆகும். "எல்லாவற்றையும் பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று எழுதுங்கள்" என்று அந்தக் காகிதத்தில் கேட்டிருந்தால் சுங்க ஒன்றியம் தேறியிருக்கும் என்பது என் எண்ணம்.

அதே ஏப்ரல் 1-இல் பார்வையாளர் மாடத்தில் பருவநிலைப் போராட்டக்காரர்கள் அரை நிர்வாணமாகக் கண்ணாடியோடு தங்களை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஏப்ரல் 3-இல் ஒரு திருத்தம் 310-க்கு 310 என்று சமமாகி, சபாநாயகர் மரபுப்படி எதிர்த்து வாக்களித்தார். ஏப்ரல் 4-இல் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகி சபையையே ஒத்திவைத்தார்கள். கற்பனையாக எழுதினால் ரொம்ப மிகை என்று ஆசிரியர் வெட்டியிருப்பார்.

எங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டீர்களே. அலுவலகத்தில் எங்கள் தொல்லை எல்லாம் ஒரு தேதி. வெளியேறும் அன்றைக்கு ராத்திரி 11 மணிக்குப் பிறகு, பிரான்ஸுக்கு லாரிகள் கப்பலேறும் டோவர் துறைமுகம் வழியாகப் போகும் லாரிக்குச் சுங்க அறிவிப்பு வேண்டுமா வேண்டாமா என்பதை மென்பொருள் முடிவு செய்ய வேண்டும். மார்ச் 29 என்று வைத்தோம். ஏப்ரல் 12 ஆனது. அக்டோபர் 31 ஆனது. பிறகு 2020 ஜனவரி 31. முதல் தள்ளிவைப்புக்குப் பிறகே அதை நிரலிலிருந்து எடுத்து, யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும் அமைப்புப் பக்கத்தில் போட்டுவிட்டோம். எங்களுக்காவது ஒரு வரியை மாற்றினால் முடிந்தது. அரசு அக்டோபர் 31 என்று தேதி பொறித்து அடித்த ஐம்பது பென்ஸ் நாணயங்கள் சுமார் 10 லட்சத்தை உருக்க வேண்டியதாயிற்று.

எங்கள் வாடிக்கையாளர்கள் நிலைமை அப்படி இல்லை. ஒப்பந்தம் இருந்தால் ஒரு செலவு, இல்லாவிட்டால் வேறு செலவு, இரண்டுக்கும் ஆள் எடுத்து, கிடங்கு பிடித்து வைத்திருந்தார்கள். ஜனவரியில் கென்ட் பகுதியில் டோவர் நெரிசலுக்கு ஒத்திகை பார்க்கிறோம் என்று பழைய மேன்ஸ்டன் விமான ஓடுதளத்திலிருந்து அரசு லாரிகளை ஓட்டிக் காட்டியது. வந்தவை 89 லாரிகள். டோவர் வழியாக ஒரு நாளைக்குப் போவதோ பல ஆயிரம். சரக்குத் துறையில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

மாடி வீட்டில் ஓர் அக்கா குடும்பம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, நெதர்லாந்துக்கு அகதியாகப் போய்க் குடியுரிமை வாங்கி, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், கோயிலும் சொந்தக்காரரும் பக்கத்தில் இருக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர்கள். ஐரோப்பிய பாஸ்போர்ட்டோடு அப்படி வந்த ஈழத் தமிழ்க் குடும்பங்கள் லண்டனிலும் லெஸ்டரிலும் நிறைய உண்டு. 2016-இல் நான் வாக்களித்தேன், காமன்வெல்த் நாட்டுக்காரன் என்ற கணக்கில் இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே. அந்த அக்காவுக்கு வாக்கு இல்லை. யாருடைய வாழ்க்கை அதில் மாறப்போகிறதோ அவர்களுக்கு இல்லாத வாக்கு எனக்கு இருந்தது. நியாயமா என்றால் எனக்கு இன்றும் பதில் இல்லை.

2019 வசந்தத்தில் அவர்கள் எல்லாரும் அங்கேயே தங்க விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. 65 பவுண்டு கட்டணம் என்று சொல்லி, ஜனவரியில் அதை ரத்து செய்திருந்தார்கள். செயலி ஆண்ட்ராய்டு போனில் மட்டும்தான் ஓடியது, ஐபோனுக்கு வர அக்டோபர் ஆகிவிட்டது. வீட்டில் எல்லாரிடமும் ஐபோன். "தம்பி, உங்கட போனை ஒருக்காத் தாங்கோ" என்று அக்கா கீழே வந்தார். பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்து, போனின் முதுகை அதன்மேல் ஒட்டி, உள்ளே இருக்கும் சில்லைப் படிக்கும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் டிவியில் பெர்கோ 'ஆர்டர், ஆர்டர்' என்று கத்திக்கொண்டிருந்தார். "அவையள் தங்களுக்குள்ளேயே ஒரு முடிவுக்கு வரேல்லை, எங்களிட்ட மட்டும் எல்லாத்துக்கும் அத்தாட்சி கேக்கினம்" என்றார் அக்கா. அந்த வருஷம் கேட்ட அரசியல் விமர்சனங்களில் எனக்கு மறக்காதது இதுதான்.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மே போனார், போரிஸ் ஜான்சன் வந்தார், நாடாளுமன்றத்தை முடக்கப் பார்த்தார், செப்டம்பர் 24-இல் உச்சநீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் அது செல்லாது என்றார்கள். டிசம்பர் 12 தேர்தலில் 365 இடம் வாங்கினார். அதன்பிறகு வாக்கெடுப்பு என்பது வெறும் சடங்குதான்.

கடைசியாக ஒரு கணக்கு. மார்ச் 29-ஆம் தேதி மூன்றாவது தடவை மே தோற்றது 286-க்கு 344 என்று. அதற்குள் ஜான்சனும் ரீஸ்-மாக்கும்கூட வேண்டா வெறுப்பாக ஆதரவுப் பக்கம் வந்துவிட்டார்கள். அசையாமல் நின்றவர்கள் டி.யு.பி.யின் 10 பேரும், கன்சர்வேடிவ் கட்சியின் தீவிர பிரெக்ஸிட்காரர்கள் 28 பேரும். அந்த 38 பேர் மட்டும் தாழ்வாரம் மாறியிருந்தால் 324-க்கு 306, ஒப்பந்தம் அன்றைக்கே நிறைவேறியிருக்கும். அதில் பிரிட்டன் முழுவதற்கும் ஒரே சுங்க எல்லை. பிற்பாடு ஜான்சன் கொண்டுவந்த ஒப்பந்தம் அந்த எல்லையை அயர்லாந்துக் கடலில் கொண்டுபோய் வைத்தது. பிரிட்டனின் மற்றப் பகுதிகளிலிருந்து வட அயர்லாந்துக்குப் போகும் சரக்குக்கே சோதனை வந்தது. இதை எதிர்த்து 2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு வருஷம் வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டில் ஆட்சியே நடக்கவிடாமல் வெளியே உட்கார்ந்திருந்தது அதே டி.யு.பி.தான்.