99 சதவீதம் எப்படி வந்தது? அல்சைமர் ஆய்வுத் தரவுகளைக் கேட்டுப் பெறும் வழி

கேள்வி: முதுநிலை தரவு அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். மூளையின் எம்ஆர்ஐ படங்களைக் கொண்டு அல்சைமர் நோயைக் கண்டறியும் நிரல்தான் என் ப்ராஜெக்ட். காகிள் என்ற தரவுப் பகிர்வுத் தளத்தில் கிடைத்த 6,400 படங்களை வைத்துச் செய்ததில் 99 சதவீதத் துல்லியம் வந்தது. நெறியாளர் அதை ஏற்கவில்லை. ஏடிஎன்ஐ என்ற அல்சைமர் ஆய்வின் தரவை வாங்கிச் செய்யச் சொல்கிறார். அதை எப்படி வாங்குவது? கட்டணம் எவ்வளவு?

பதில்: கட்டணம் எதுவும் இல்லை. விண்ணப்ப முறையைச் சொல்வதற்கு முன், உங்கள் நெறியாளர் ஏன் மறுத்தார் என்பதைப் பார்த்துவிடுவோம். அது புரியாமல் ஏடிஎன்ஐ தரவை வாங்கினாலும் அதே தவறுதான் மறுபடி நேரும்.

உங்களிடம் உள்ள தொகுப்பில் நான்கு கோப்புறைகள் இருக்கும். நோயில்லாதவர் 3,200, மிக லேசான நிலை 2,240, லேசான நிலை 896, மிதமான நிலை 64 என்பவை அவற்றிலுள்ள படங்களின் எண்ணிக்கை. நான்கையும் 32ஆல் வகுத்துப் பாருங்கள். 100, 70, 28, 2 என மீதியின்றி வரும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒயாசிஸ் என்ற மூளைப்படத் தரவின் முதல் தொகுப்பில், மறதிநோய் கொண்ட நூறு பேர் நோயின் தீவிரத்தைக் குறிக்கும் சிடிஆர் மதிப்பெண்படி இதே 70, 28, 2 என்றுதான் பிரிகிறார்கள். ஆகவே ஒருவருக்கு 32 வெட்டுப்படங்கள் (மூளையின் குறுக்குவெட்டுப் படங்கள்) வீதம் 200 பேரின் மூளைகளே உங்கள் கையில் உள்ளன என்பது என் கணிப்பு. அப்படியானால் ‘மிதமான நிலை’ என்ற வகை முழுவதும் இரண்டே மனிதர்கள்.

இந்தப் படங்களைக் கலைத்துப்போட்டு 80க்கு 20 என்று பிரிக்கும்போது, ஒரே ஆளின் பத்தாவது வெட்டு நிரல் கற்றுக்கொள்ளும் பயிற்சித் தொகுதிக்கும், பதினொன்றாவது வெட்டு அதன் திறனை அளக்கும் சோதனைத் தொகுதிக்கும் போய்விடுகிறது. நிரல் நோயைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே பார்த்த மூளையை அடையாளம் காண்கிறது. படம் யாருடையது என்ற விவரம் அந்தக் கோப்புகளில் இல்லாததால், இதைத் திருத்தவும் உங்களால் இயலாது. படம் யாருடையது என்ற விவரம் உள்ள ஏடிஎன்ஐ தரவுக்கு நெறியாளர் போகச் சொல்வது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஏடிஎன்ஐ என்பது 2004இல் மைக்கேல் வெய்னர் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கிய நீண்டகால ஆய்வு. முதல் கட்டத்தில் 55 முதல் 90 வயது வரையிலான ஏறத்தாழ 800 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 400 பேர் லேசான அறிதிறன் குறைபாடு உடையவர்கள். எஞ்சியோரில் பாதிப்பேர் நோயாளிகள், பாதிப்பேர் நலமானவர்கள். இவர்களின் மூளைப் படங்கள், தண்டுவட நீர்ப் பரிசோதனைகள், மரபணு விவரங்கள், நினைவுத்திறன் மதிப்பெண்கள் ஆகியவை தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ‘லோனி’ ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன. கணக்கு தொடங்கி, பயன்பாட்டு ஒப்பந்தத்தை ஏற்று, நிறுவனத்தின் பெயரையும் ஆய்வின் நோக்கத்தையும் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். ஒரு குழு பரிசீலித்து அனுமதி தரும். கல்லூரி மின்னஞ்சல் முகவரியையே கொடுங்கள். ‘ப்ராஜெக்டுக்குத் தேவை’ என்று ஒற்றை வரியில் எழுதாமல், எந்தப் படங்களை எடுத்து எதைக் கணிக்கப் போகிறீர்கள் என்று மூன்று, நான்கு வாக்கியங்களில் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்துவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். இங்கே அது கூடாது. தரவை வேறொருவருக்குக் கொடுப்பதும், பங்கேற்றவர் யார் என்று கண்டறிய முயல்வதும் தடைசெய்யப்பட்டவை. நிரலோடு சேர்த்துப் படங்களையும், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிடும் மாணவர்கள் இதைத்தான் மீறுகிறார்கள். கட்டுரை வெளியிடும் எண்ணம் இருந்தால், ஆசிரியர் வரிசையில் ஏடிஎன்ஐயின் பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பதற்கும் விதி உண்டு.

அனுமதி வந்ததும் படங்களை மொத்தமாக இறக்காதீர்கள். உங்கள் வன்தட்டு தாங்காது. முதலில் அட்டவணைகளை மட்டும் இறக்குங்கள். ஒவ்வொருவருக்கும் உள்ள அடையாள எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் ஆய்வு மையத்தையும், கடைசியில் வரும் இலக்கங்கள் ஆளையும் குறிக்கும். பயிற்சிக்கும் சோதனைக்குமான பிரிப்பை அந்தக் கடைசி இலக்கங்களைக் கொண்டே செய்யுங்கள். ஒரே ஆள் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று திரும்பத் திரும்ப வந்திருப்பார்; முதல் வருகையில் லேசான குறைபாடு என்றிருந்தவர் இரண்டாண்டு கழித்து நோயாளியாகியிருக்கலாம். எனவே படத்தை, அது எடுக்கப்பட்ட வருகையின் நோயறிதலோடு இணைக்க வேண்டும். சில அட்டவணைகளில் -4 என்று ஓர் எண் வரும். அது மதிப்பெண் அன்று, விவரம் இல்லை என்பதற்கான குறி. அதைக் கவனியாமல் சராசரி எடுத்த அறிக்கைகளை நானே திருத்தியிருக்கிறேன்.

ஒரு வரம்பையும் அறிக்கையில் எழுதுங்கள். ஏடிஎன்ஐயில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். சராசரியாக ஏறக்குறைய 16 ஆண்டுகள் படித்தவர்கள். பள்ளிக்கே போகாத நம் ஊர்ப் பாட்டிக்கு அந்த முடிவுகள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. இந்திய முதியோரைப் பற்றி ஆராய விரும்பினால் லாசி-டேட் என்ற இந்திய ஆய்வின் தரவு இருக்கிறது. 60 வயதைக் கடந்த 4,096 பேரிடம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஏற்றவாறு மாற்றியமைத்த சோதனைகளை நடத்தித் திரட்டிய தரவு அது. இந்த வயதினரில் 7.4 சதவீதத்தினருக்கு மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது அந்த ஆய்வுதான். ஆனால் அதன் பலம் அறிதிறன் சோதனைகளிலும், குடும்பத்தாரிடம் கேட்டறிந்த விவரங்களிலும் உள்ளது. படங்களை நம்பியிருக்கும் உங்கள் தலைப்புக்கு அது நேரடியாக உதவாது.

விண்ணப்பத்தை இன்றே அனுப்பிவிட்டு, காத்திருக்கும் நாட்களில் ஒயாசிஸ் இரண்டாம் தொகுப்பில் பழகுங்கள். 60 முதல் 96 வயது வரையிலான 150 பேர், 373 முறை எடுக்கப்பட்ட படங்கள் என்ற அளவு ஒரு மாணவரின் கணினிக்குப் போதுமானது. ஒவ்வொரு படமும் யாருடையது, எத்தனையாவது வருகை என்ற விவரமும் உண்டு. அதில் படவாரியாகப் பிரித்து ஒரு முறையும், ஆள்வாரியாகப் பிரித்து ஒரு முறையும் அதே நிரலை ஓட்டி, இரண்டு துல்லியங்களையும் அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் கொடுங்கள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதலில் கேட்கப்போவது அந்த இடைவெளியைப் பற்றித்தான்.