சிபி ஒன்றுதான், எது நல்லது? போக்கிமோன் கேள்வி பதில்

போக்கிமோனின் மறைந்த எண்கள் பற்றித் திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். புதிதாக வருபவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். போக்கிமோன் கோ விளையாட்டில் நாம் பிடிக்கும் ஒவ்வொரு போக்கிமோனுக்கும் அட்டாக் (தாக்கும் வலிமை), டிஃபென்ஸ் (தாங்கும் வலிமை), எச்பி (உயிர்) என்று மூன்று ஐவி எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை இருக்கலாம். மூன்றும் 15 என்றால் அதைத்தான் 100 சதவீதம் என்கிறோம். எவ்வளவு பவர் அப் செய்தாலும், அதாவது லெவலை ஏற்றினாலும், ஐவி மாறாது.

கேள்வி (உப்புவெளி): அக்கா, என்னிடம் இரண்டு கயரடோஸ் இருக்கு. இரண்டுக்கும் சிபி ஒன்றுதான். எதை வைத்திருக்கிறது?

பதில்: லெவல் குறைந்ததை வையுங்கள் தம்பி. சிபி என்பது போக்கிமோனின் சண்டை வலிமையைக் காட்டும் எண், லெவலும் ஐவியும் கலந்து வருவது. லெவல் குறைவாக இருந்தும் அதே சிபியை எட்டியிருக்கிறது என்றால், அந்தக் குறையை ஐவிதான் நிரப்பியிருக்கிறது.

லெவலை விளையாட்டு நேரடியாகச் சொல்லாது. ஆனால் பவர் அப் செய்ய விலையாக எவ்வளவு ஸ்டார்டஸ்ட் (விளையாட்டில் சேரும் தூள்) கேட்கிறது என்று பாருங்கள். 2500 கேட்டால் அது 19-க்கும் 20.5-க்கும் இடைப்பட்ட லெவல். ஒரு பவர் அப் அரை லெவல்தான் ஏற்றும், நான்கு பவர் அப்புக்கு ஒரு தடவை விலை கூடும். லக்கி போக்கிமோன் (கைமாற்றும்போது சில வேளை கிடைப்பது) பாதி விலைதான் கேட்கும், ஷேடோ (ராக்கெட் கும்பலிடமிருந்து மீட்டது) கூடுதலாகக் கேட்கும். அவற்றைச் சாதாரணமானதோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

கேள்வி (சாம்பல்தீவு): அப்ரைசலில் (ஐவியை மதிப்பிட்டுக் காட்டும் திரையில்) மூன்று நட்சத்திரம் என்றால் எத்தனை?

பதில்: மூன்று எண்களின் கூட்டுத்தொகை 37 முதல் 44 வரை. 45 என்றால் நான்கு நட்சத்திரம். கீழே இருக்கும் மூன்று பட்டைகளையும் பாருங்கள்: ஒவ்வொன்றும் ஐந்து ஐந்தாக மூன்று துண்டு. அதை வைத்து எண்ணைச் சரியாகவே வாசித்துவிடலாம். பட்டை முழுக்கச் சிவந்தால் 15.

கேள்வி (திருக்கடலூர்): ரெய்டில் (பலர் சேர்ந்து ஒரு வலிய போக்கிமோனோடு மோதும் சண்டையில்) மியூடூவைப் பிடிக்க முதலே 100 சதவீதமா என்று தெரியுமா?

பதில்: தெரியும். ரெய்ட் முடிந்து பந்து எறியும் திரையில் தெரியும் சிபியே அதைச் சொல்லிவிடும். சாதாரண ரெய்டில் கிடைப்பது, வானிலை ஊக்கம் இல்லாவிட்டால், லெவல் 20. மூன்று எண்ணும் 10-க்குக் குறையாது. லெவல் நிலையாக இருப்பதால் சிபியில் மாறக்கூடியது ஐவி மட்டுமே. மியூடூவுக்கு அது 2294-க்கும் 2387-க்கும் இடையில் நிற்கும். 2387 என்று கண்டால் கையிலிருக்கும் நல்ல பெர்ரியைக் கொடுத்து, அவசரப்படாமல் எறியுங்கள்.

வானிலை ஊக்கம் இருந்தால் லெவல் 25 ஆகிவிடும். அப்போது பார்க்க வேண்டிய எண் 2984. மியூடூ சைக்கிக் வகை, அதற்கு ஊக்கம் தருவது காற்று. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் விளையாட்டிலும் காற்றுச் சின்னம் வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஐஸ், ஸ்டீல் வகைகளுக்கு ஊக்கம் தருவது பனிப்பொழிவு. நமது ஊரில் அதற்கு வழியில்லை.

ஒவ்வொரு எண்ணுக்கும் 10 முதல் 15 வரை ஆறு வாய்ப்பு. ஆகவே 100 சதவீதம் கிடைப்பது 216-இல் ஒன்று. வெளியே சும்மா பிடிப்பதில் அது 4096-இல் ஒன்று. இந்த வித்தியாசத்துக்காகவே ரெய்டுக்குப் போகலாம் என்பேன்.

ஒரு விஷயம். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் விளையாடுவதென்றால் கேமராப் பார்வையை நிறுத்திவிட்டு விளையாடுங்கள்.

கேள்வி (உவர்மலை): தங்கச்சி, என்ட மகன் ஐவி பார்க்கிற ஆப் ஒன்றுக்குத் தன்ட பாஸ்வேர்டைக் கொடுக்கப் போறானாம். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அக்கா, கட்டாயம் தடுத்துவிடுங்கள். ஐவி பார்க்க விளையாட்டுக்குள்ளேயே அப்ரைசல் இருக்கிறது, ஒரு சதமும் செலவில்லை. பாஸ்வேர்ட் கேட்கும் ஆப்பினால் கணக்கே பறிபோகலாம். பிள்ளை வருடக்கணக்கில் சேர்த்ததெல்லாம் அதோடு போய்விடும்.

கேள்வி (கிண்ணியா): நான் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் வரும் போக்கிமோன் விளையாடுறேன். லெவல் 5 பிக்காச்சுவின் ஸ்பீட் ஐவியைக் கால்குலேட்டரில் போட்டால் 20 முதல் 31 வரை என்று வருது. ஏன் ஒரே எண்ணாகச் சொல்லாது?

பதில்: கால்குலேட்டரில் பிழை இல்லை. லெவல் 5-இல் அதற்கு மேல் தெரிய வழியே இல்லை. இந்த விளையாட்டில் ஐவி 0 முதல் 31 வரை. ஸ்பீட் வரும் கணக்கு இது: அடிப்படை எண்ணை இரண்டால் பெருக்கி, ஐவியைக் கூட்டி, லெவலால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, தசமத்தை வெட்டிவிட்டு 5 கூட்ட வேண்டும். (பயிற்சியில் சேரும் ஈவி இருந்தால் அதில் நாலில் ஒரு பங்கும் ஐவியோடு சேரும். உங்களுடையது புதிதாகப் பிடித்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.)

பிக்காச்சுவின் அடிப்படை ஸ்பீட் 90. ஐவி 0 என்றால் 180-இல் 5 சதவீதம், 9. ஐவி 31 என்றால் 211-இல் 5 சதவீதம், 10.55. தசமத்தை வெட்டினால் 10. ஐந்தைக் கூட்டினால் திரையில் 14 அல்லது 15, இரண்டே விடைதான். முப்பத்திரண்டு ஐவிகளும் இந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும். 50-ஆம் லெவலில்கூட 30-க்கும் 31-க்கும் ஒரே 110 தான் வரும். 100-ஆம் லெவலில்தான் ஒவ்வொரு ஐவியும் தனித்தனியாகப் பிரியும்.

ரேர் கேண்டி கொடுத்து ஏற்றிப் பாருங்கள், அதில் ஈவி சேராது, கணக்குக் கெடாது. நேச்சரையும் (ஒவ்வொன்றின் சுபாவம்) மறக்க வேண்டாம்: அது ஸ்பீடைப் பத்து சதவீதம் கூட்டும் அல்லது குறைக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. போக்கிமோனின் விவரப் பக்கத்தில் அதன் குணம் பற்றி ஒரு வரி வரும். சத்தத்துக்கு உஷாராகும் என்ற பொருளில் இருந்தால், ஆறு ஐவிகளில் ஸ்பீட்தான் உயர்ந்தது, அதை ஐந்தால் வகுத்தால் மீதி 1. உங்கள் 20–31 வரம்போடு சேர்த்தால் 21, 26, 31 மட்டுமே மிஞ்சும். ஐவியை மதிப்பிடும் ஜட்ஜ் வசதி திறந்திருந்தால் 31-ஐ அது பெஸ்ட் என்றே சொல்லிவிடும்.

கேள்வி (நிலாவெளி): போக்கிமோன் கோவில் கிரேட் லீக்குக்கு (ஆட்களோடு மோதும் போட்டிக்கு) அட்டாக் 0 நல்லது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மை. சிபி கணக்கில் அட்டாக் முழுதாகப் பெருகும். டிஃபென்சும் எச்பியும் வர்க்கமூலமாகத்தான் பெருகும். அங்கே 1500 சிபி எல்லை இருப்பதால், அட்டாக் கூடியது எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடுகிறது.

அசுமரில் என்ற போக்கிமோனை எடுங்கள். 15/15/15 என்றால் 36-ஆம் லெவலில் 1497 சிபியோடு நின்றுவிடும். 0/15/15 என்றால் 45-ஐத் தாண்டியும் போகும். அப்போது எச்பி 184-இலிருந்து 196 ஆகிறது, டிஃபென்ஸ் 128-இலிருந்து 136. இழப்பது அட்டாக்கில் ஆறு புள்ளி அளவுதான். ஆனால் 40-ஐத் தாண்ட எக்ஸ்எல் கேண்டி வேண்டும். அது கையில் இல்லையென்றால் அட்டாக் 7, 8 இருக்கும் அசுமரிலே போதும்.

ரெய்டுக்கு இது பொருந்தாது. அங்கே எல்லை கிடையாது, அட்டாக் கூட இருப்பதே நல்லது. அதற்காக 14 வந்துவிட்டது என்று மியூடூவைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் அடிப்படை அட்டாக் 300-ஓடு ஐவி சேர்ந்து வரும் 314-க்கும் 315-க்கும் சண்டையில் வித்தியாசம் தெரியாது.

கேள்வி (தம்பலகாமம்): ஷேடோ ஒன்று 13/13/13. சுத்திகரிக்கட்டுமா?

பதில்: சுத்திகரித்தால் ஒவ்வொன்றிலும் 2 கூடி 100 சதவீதமாகும். ஆனால் ஷேடோவாகவே இருந்தால் 1.2 மடங்கு அடிக்கும், அடியும் அதேபோல் கூடுதலாக வாங்கும். ரெய்டுக்கு நல்ல அட்டாக்கர் என்றால் ஷேடோவாகவே விடுங்கள். ரெய்டில் பயன்படாத வகை என்றால் தாராளமாகச் சுத்திகரிக்கலாம். ஒரு தடவை சுத்திகரித்ததைத் திரும்ப ஷேடோ ஆக்க முடியாது, ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டும் என்றில்லை.