ஆபீஸ்ல போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர், அதுல ஸ்பேம்ஹவுஸ்ங்கற ஸ்பேம் ஐபி லிஸ்ட்டும் வெச்சிருக்கோம், ஆனாலும் ஸ்பேம் கொட்டுது, ஃபில்டரை இறுக்குனா பையர் மெயிலும் மாட்டுது, என்ன பண்றது?

பனியன் எக்ஸ்போர்ட்ல பையர் மெயில் ஒண்ணு காணாம போனா ஆர்டரே போயிருமுங்க, அதனால ஸ்பேம்அசாசின் ஃபில்டர் பிடிக்கறதை அழிக்காதீங்க, ஜங்க் ஃபோல்டருக்கு தள்ளுனா போதும்.

போஸ்ட்ஃபிக்ஸ்ல ஸ்பேம்ஹவுஸ் லிஸ்ட் வெச்சிருக்கறதா சொன்னீங்க, அது ரொம்ப நல்லதுதான், ஆனா சர்வரோட டிஎன்எஸ் 8.8.8.8னு (கூகுளோட பொது டிஎன்எஸ்) இருந்தா ஸ்பேம்ஹவுஸ் சரியான பதில் தராது, 127.255.255.254னு எரர் கோடுதான் வரும், அதையும் ஸ்பேம்னு எடுத்துக்கிட்டா நல்ல மெயில் பூராவும் திரும்பிப் போயிரும். லாக்ல மொதல்ல அந்த நம்பரையோ, "open resolver"ங்கற எரரையோ தேடுங்க. இருந்துச்சுன்னா அன்பவுண்ட் மாதிரி சொந்த டிஎன்எஸ் ரிசால்வர் ஒண்ணை அதே சர்வர்ல போட்டுருங்க, சரியாயிரும்.

ஸ்பேம்அசாசின்ல ஒரு மெயிலை ஸ்பேம்னு முடிவு பண்ற டிஃபால்ட் ஸ்கோர் 5, அதை 3க்கு எறக்கறது வேண்டாமுங்க. அதுக்கு பதிலா பேயஸுக்கு (மெயிலைப் பாத்துப் பாத்துக் கத்துக்கற அதோட பகுதி) கத்துக்குடுங்க. 200 ஸ்பேம், 200 நல்ல மெயில் ரெண்டும் குடுத்தாத்தான் அது வேலையே ஆரம்பிக்கும், முக்காவாசிப் பேரு ஸ்பேமை மட்டும் குடுத்துட்டு விட்டர்றாங்க. பிஐ (புரோஃபார்மா இன்வாய்ஸ்), லேப் டிப் (சாயக் கலர் சாம்பிள்) அப்ரூவல், ஷிப்பிங் டாகுமெண்ட், "அர்ஜெண்ட் பேமெண்ட்"னு சரக்கு அனுப்பற ஃபார்வர்டர் அனுப்பறது, இதெல்லாம் நல்ல மெயில்னு அதுக்குத் தெரியணுமில்லைங்களா.

பையரை வெல்கம்லிஸ்ட்ல (ஃபில்டர் பிடிக்காம விடற லிஸ்ட்) போடறப்ப வெறும் ஃப்ரம் அட்ரஸை நம்பிறாதீங்க, மெயில் நெஜமாவே அந்த டொமைன்லருந்துதான் வருதான்னு பாக்கற டிகேஐஎம், எஸ்பிஎஃப் சோதனைல ஒண்ணாவது பாஸ் ஆனா மட்டும் விடற மாதிரி வெல்கம்லிஸ்ட் ஆத் (welcomelist_auth) போடுங்க. "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிருச்சு, இதுல பணம் போடுங்க"னு வர்ற திருட்டு மெயில் தெரிஞ்ச பேர்லதானுங்க வரும்.