அதே முகங்கள், ஐந்து தட்டிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ‘முதல் பத்து ரேங்க்கில் ஏழு பேர் எங்கள் மாணவர்கள்’ என்று ஒரு ஐ.ஏ.எஸ். பயிற்சி மையம் தட்டி வைத்திருக்கிறது. எதிர்வரிசை மையத்தின் தட்டியிலும் அதே முகங்கள்! மகளை எங்கே சேர்ப்பது?
(வாசகர், மதுரை)

இரண்டு தட்டிகளுமே பொய் சொல்லாமல் இருக்கலாம், ஐயா. சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது. முதல்நிலை, முதன்மைத் தேர்வுகளைத் தன் உழைப்பில் தாண்டிய பிள்ளை, நேர்முகத்துக்கு முன்பு நாலைந்து மையங்களின் இலவச மாதிரி நேர்காணலில் போய் உட்காருகிறது. அந்தச் சிறிது நேரப் பழக்கத்துக்கு நாலைந்து பேரும் அதற்கு ஆசானாகிவிடுகிறார்கள். உங்களிடம் விற்பதோ லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் முழு வகுப்பு. இதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பல மையங்களுக்கு அபராதம் விதித்திருக்கிறது. வென்றவரின் படத்தைப் போட்டால் அவர் படித்தது எந்த வகுப்பு என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2024 நவம்பரில் நெறிமுறையும் வெளியிட்டது.

சரி, அந்த ஏழு பேரும் அங்கேயே முழுதாகப் படித்தவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சேர்ந்தவர்கள் எழுபது பேரா, ஏழாயிரம் பேரா? தோற்றவர் படத்தை யாரும் ஒட்டுவதில்லையே! ‘என் மகள் சேரப்போகும் இதே வகுப்பில் சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முதல்நிலையைத் தாண்டினார்கள், எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். காபி வரும், கணக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

கேள்வி: சிகரெட்டை விடச் சொன்னால், ‘டாக்டரே புகைக்கிறார், அவர் எனக்குச் சொல்கிறாரா?’ என்று வாயை அடைக்கிறார் என் கணவர்.
(வாசகி, தஞ்சாவூர்)

டாக்டர் ஊதினால் உங்கள் வீட்டுக்காரரின் நுரையீரல் சுத்தமாகிவிடுமா, அம்மா? சொன்னவரின் யோக்கியதை வேறு, சொன்ன சங்கதி வேறு. வெள்ளைக் கோட்டைக் காட்டி வாயடைப்பது சிகரெட் கம்பெனிகளின் பழைய வித்தை. 1946இல் அமெரிக்காவில் ‘மற்ற சிகரெட்டுகளைவிட டாக்டர்கள் அதிகம் புகைப்பது கேமல்தான்’ என்று விளம்பரம் செய்தார்கள். புகைக்கும் டாக்டருக்கு எந்தச் சிகரெட் பிடிக்கும் என்பதுதான் அதில் இருந்த தகவல். உடம்புக்கு அது நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ‘அப்படியானால் நல்லதுதான்’ என்பதை விளம்பரத்தைப் பார்த்தவர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

கேள்வி: வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது மேல்நாட்டார் கற்றுத்தந்ததுதானே?
(வாசகர், கோவை)

மணிமேகலையின் 29ஆம் காதையை எடுத்துப் படியுங்கள். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு நடத்தும் பாடமே அதுதான். சொல்லும் கூற்றிலேயே பிழை என்றால் பக்கப்போலி, காட்டும் காரணத்தில் பிழை என்றால் ஏதுப்போலி, எடுத்துக்காட்டில் பிழை என்றால் திட்டாந்தப்போலி என்று பிரித்து, பக்கப்போலியில் மட்டும் ஒன்பது வகை சொல்கிறார். அதில் ஒன்று, தன் பேச்சைத் தானே வெட்டிக்கொள்வது. ‘என் தாய் மலடி’ என்று ஒருவன் சொல்வதை எடுத்துக்காட்டுகிறார். ‘இன்றே கடைசி’ என்று ஆண்டு முழுவதும் தட்டி தொங்கவிடும் ஜவுளிக்கடைக்காரருக்கும் அந்த வரிசையில்தான் இடம்.