மூன்று நகல்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், தோழியிடமிருந்து 'அன்வைண்ட்' என்ற ஆங்கில நாவலை வாங்கி வந்திருக்கிறாள். பெற்றோரே பிள்ளையை உறுப்புக்காக எழுதிக் கொடுத்துவிடும் கதையாம். கூந்தலை வெட்டிக்கொள்ளக் கூடாது என்று அவளைத் தடுத்தேன். "அம்மா, என் பெயரிலும் கையெழுத்துப் போட்டுவிடுவாயா?" என்கிறாள். புத்தகத்தைப் பிடுங்கி வைக்கட்டுமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: பிடுங்காதீர்கள் அம்மா. அவள் தூங்கிய பிறகு நீங்களும் எடுத்துப் படியுங்கள். பேத்தி விட்டுப்போன பிரதியை நான் அகராதியும் கையுமாக நான்கு நாளில் முடித்தேன்.

நீல் ஷஸ்டர்மேன் 2007இல் எழுதியது. வருங்கால அமெரிக்காவில் கருக்கலைப்பை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் படை திரட்டி மோதுகிறார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு. கரு உண்டானது முதல் 13 வயதுவரை உயிரைத் தொடக்கூடாது. 13 முதல் 18 வயதுக்குள் பெற்றோர் விரும்பினால் பிள்ளையைப் 'பிரித்து'விடலாம். கையும் கண்ணும் ஈரலும் யார் யார் உடம்பிலோ வாழத்தானே போகின்றன, எனவே இது கொலையே அல்ல என்கிறது சட்டம். எங்கள் தாலுகா அலுவலகத்தில்கூட இத்தனை நேர்த்தியான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

பதினாறு வயது கானர், பஹாமாஸ் பயணத்துக்கு வாங்கிய விமான டிக்கெட்டுகளைத் தற்செயலாகப் பார்க்கிறான். மூன்றே டிக்கெட். அப்பா, அம்மா, தம்பி. பிறகு அவனைப் 'பிரிக்கும்' உத்தரவே கையில் கிடைக்கிறது, அதுவும் மூன்று நகல். வெள்ளை ஏற்கெனவே அதிகாரிகளுக்குப் போய்விட்டது. மஞ்சள் பையனோடு போகும். இளஞ்சிவப்பு பெற்றோர் பத்திரப்படுத்த. முப்பத்தொரு வருடம் கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதி, முத்திரை குத்தி, கட்டுக்கட்டாகப் பிரித்து அனுப்பியவன் நான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். ஒரு பையனை நினைவோடு வைத்தே பிரிக்கும் அத்தியாயம் பின்னால் வருகிறது. ரத்தக் களரி கிடையாது, எல்லோரும் தன்மையாகப் பேசுகிறார்கள். அதை இரவில் படிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். எனக்கென்னவோ அந்த இளஞ்சிவப்புத் தாள்தான் அதைவிடப் பயங்கரம்.

லெவ் என்று இன்னொரு பையன், 13 வயது. தசமபாகமாக, அதாவது கடவுளுக்குச் சேர வேண்டிய பத்தில் ஒரு பங்குக் காணிக்கையாக, 'பிரிப்ப'தற்கென்றே நேர்ந்துவிடப்பட்டவன். வெள்ளை உடுப்பு, விருந்து, வாழ்த்து எல்லாம் உண்டு. அவனுக்கு அதில் பெருமை வேறு!

நம் நாட்டில் உயிரோடிருக்கும் சிறாரின் உறுப்பை எடுக்கப் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. அதை மகளுக்கும் சொல்லுங்கள். கூந்தல் விஷயத்தில் என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். தலை அவளுடையது, எண்ணெய்ச் செலவு மட்டும் உங்களுடையது.

கேள்வி: 'அன்வைண்ட்' நாவலாசிரியர் கருக்கலைப்பில் எந்தப் பக்கம்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இரு பக்கத்தாரும் நெளிந்துகொண்டேதான் படிக்க வேண்டும். கதையில், வேண்டாத குழந்தையை அடுத்தவர் வாசலில் வைத்துவிட்டு ஓடலாம். பிடிபடாவிட்டால் அந்த வீட்டார்தான் வளர்க்க வேண்டும். கானரின் வீட்டு வாசலுக்கு அப்படி ஒரு குழந்தை வருகிறது. அவன் பெற்றோர் அதை இன்னொரு வீட்டு வாசலில் வைத்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி அவர்கள் வாசலில் ஒரு குழந்தை. அதே குழந்தை. தெருவே அதைக் கைமாற்றிக் கைமாற்றி விட்டிருக்கிறது. இப்போது உடம்பு முழுக்க மஞ்சள் காமாலை. பிழைக்கவில்லை. இறுதிச் சடங்குக்குத் தெருவே திரண்டு வருகிறது. அங்கே யார் அதிகம் அழுதார்கள் என்று கானர் சொல்கிறான். அந்தப் பக்கத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.